கன்மதமும் தாரும்

சென்ற சித்திரை மாதம், கத்தரி வெயில் தொடங்குவதற்குச் சில தினங்களுக்கு முன்னால், உத்திரமேரூரிலிருந்து எங்கள் கிராமத்துக்கு வரும் சாலையின் பள்ளங்களை அடைக்க வந்திறங்கிய ஆட்கள், ஏரிக்கரை ஆலமரத்தின் கீழ்த் தார்ப் பீப்பாய்களை நிறுத்திவைத்து, ஒன்றின் மூடியை உளியால் வெட்டித் திறந்து, அடியில் விறகை மூட்டிக் காய்ச்சத் தொடங்கியபோது எழுந்த நெடியில், அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மத்தியானம் எனக்கு நினைவுக்கு வந்தது. அன்று இதே சாலையில், உருகிப் பளபளத்துக்கொண்டிருந்த தாரின் மேல் வெறுங்காலோடு நடந்து, இரு பாதங்களிலும் கருமையை அப்பிக்கொண்டு வீடு திரும்பிய என்னைக் கண்ட எங்கள் ஆயா, கிணற்றடிக்கு ஓடப்போனவனைப் பிடித்துத் திண்ணையில் உட்காரவைத்து, சிம்னி விளக்கில் மிச்சமிருந்த சீமெண்ணெயில் கந்தைத் துணியை நனைத்துத் துடைத்தபடியே, "தண்ணி ஊத்துனா போவாதுடா, அதுங்கூடப் பொறந்த எண்ணெயாலதான் அது போவும்" என்றாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மண்ணெண்ணெயும் தாரும் ஒரே கச்சா எண்ணெயை வடிக்கும்போது பிறக்கிற உடன்பிறப்புகள் என்று அவளுக்கு எவரும் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் அவள் சொன்னது ரசாயன சாஸ்திரத்துக்கு அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது.

அந்த வாக்கியம் மனத்தில் புரண்டுகொண்டிருந்த வாரத்திலேயே, மூட்டுவலிக்கென்று ஒரு வைத்தியர் எழுதிக்கொடுத்த சீட்டோடு காஞ்சிபுரத்து நாட்டு மருந்துக் கடையொன்றுக்குப் போக நேர்ந்தது. சீட்டில் கன்மதம் என்றிருந்தது. கடைக்காரர் எடுத்துக்கொடுத்த சிறு டப்பாவின் மேல் தமிழில் 'கன்மதம்' என்றும், அதன் கீழே 'சிலாசத்து' என்றும், அதற்கும் கீழே லத்தீன் மொழியில் 'அஸ்பால்டம் பஞ்சாபினம்' என்றும் மூன்று பெயர்கள் அச்சாகியிருந்தன. அஸ்பால்டம் என்றால் நிலக்கீல். அதாவது, ஏரிக்கரையில் கொதித்துக்கொண்டிருந்த தாரின் ஜாதி. "இது மலையிலேர்ந்து வடியறதுங்க ஐயா, தாரு இல்ல" என்று கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். ரோட்டில் ஊற்றுவதையா எனக்குத் தின்னக் கொடுக்கிறார்கள் என்று கேட்டவர்கள் எனக்கு முன்பே பலர் இருந்திருப்பார்கள் போலும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சிறு பரீட்சை செய்து பார்த்தேன். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீரை நிரப்பி, ஒன்றில் கடுகளவு கன்மதத்தையும், மற்றதில் சாலையோரம் சிந்தி இறுகிக் கிடந்த தாரில் அதே அளவையும் போட்டு, திண்ணையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சிறிது நேரத்தில் முதல் தம்ளரில் அந்தக் கருந்துளியிலிருந்து செம்பழுப்பு நூல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, அவசரமில்லாமல் கீழே இறங்கின. ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீர் முழுவதும் கடுந்தேநீர் நிறமாயிற்று. இரண்டாவது தம்ளரில் தார் எப்படி விழுந்ததோ அப்படியே கிடந்தது. மறுநாள் காலையிலும் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பிறகு தண்ணீருக்குப் பதிலாக மண்ணெண்ணெயை வைத்துப் பார்த்தபோது எல்லாம் தலைகீழாயிற்று: தார் கரைந்து மண்ணெண்ணெயைக் கறுப்பாக்கியது, கன்மதம் கல்லைப்போல அடியில் உட்கார்ந்திருந்தது. டப்பாவின் மேல் இருந்த மூன்று பெயர்களில் லத்தீன் பெயர் மட்டும் பொய் சொல்லுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை ஊகிப்பது கடினமன்று. மலைப்பிளவுகளிலிருந்து கசிகிற, கறுத்த, பிசுபிசுப்பான, நெடியுள்ள வஸ்து ஒன்றைக் கண்ட மேனாட்டார், அதே லக்ஷணங்களோடு தங்களுக்கு முன்பே பழக்கமான ஒன்றின் பெயரை அதற்குச் சூட்டிவிட்டார்கள். நவீன ஆராய்ச்சியின்படி கன்மதத்தில் 60 முதல் 80 சதவீதம் வரை இருப்பது, செடிகொடிகளும் பாசிகளும் மக்கி நெடுங்காலம் பாறையிடுக்கில் கிடந்து மாறியதால் உண்டான ஹ்யூமிக் பொருள்கள். அவற்றுள் முக்கியமானது ஃபுல்விக் அமிலம். நம் தோட்டத்து மக்கிய எருவின் கருமைக்குக் காரணமான பொருள்களின் உறவினர்கள் இவை. பெட்ரோலியத்துக்கும் இதற்கும் நிறத்தைத் தவிர வேறு ஒற்றுமை சொற்பம்.

இதைக் கண்டுபிடிக்க நவீன ரசாயனசாலை அவசியமாகவும் இருக்கவில்லை. அசல் கன்மதத்தை, வடமொழியில் சொன்னால் சிலாஜதுவை, அறிய நம் ரச சாஸ்திர நூல்கள் சொல்லும் பரீட்சைகளில் இரண்டு முக்கியமானவை: நெருப்பிலிட்டால் புகையாமல் லிங்கம்போல் மேலெழும்பி நிற்க வேண்டும், நீரிலிட்டால் நூல் நூலாகக் கரைந்து இறங்க வேண்டும். தார் இந்த இரண்டிலும் தோற்றுவிடும். நெருப்பில் அது கரும்புகையைக் கக்கும், நீரில் அசையாது. பழைய வைத்தியர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை; குழப்பம் பெயரை மொழிபெயர்த்தபோது வந்ததே.

கன்மதம் என்ற தமிழ்ச் சொல்லைப் பற்றிச் சிறிது நேரம் பேச ஆசைப்படுகிறேன், ஏனெனில் பொருள்களுக்குப் பெயரிடும் கலையில் இதற்கு நிகரான வெற்றிகள் குறைவு என்பது என் அபிப்பிராயம். கல் என்பதும் மதம் என்பதும் சேர்ந்த சொல் இது. ஆண் யானைக்கு மதம் பிடிக்கும் காலத்தில், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள சிறு துளையிலிருந்து கரிய, பிசுபிசுப்பான, கடுநெடியுள்ள நீர் கசிந்து கன்னத்தில் கோடாக வழிவதைக் கோயில் யானையைக் கட்டிவைத்திருக்கும் ஊர்க்காரர்கள் எல்லாரும் அறிவார்கள். கோடை வெயிலில் பாறை சூடேறும்போது, அதன் பிளவிலிருந்து வழிந்து கறுப்புக் கோடாக இறங்கும் கசிவைக் கண்டவன், மலையை யானையாகவும் கசிவை மதநீராகவும் பார்த்துவிட்டான். இது வெறும் உவமையன்று. நிறம், பிசுபிசுப்பு, நெடி, வழியும் விதம், வழியும் பருவம் ஆகிய ஐந்தையும் ஒரே சொல்லில் அடக்கியிருக்கிறான். தான் காணாத எதையும் அதில் சேர்க்கவில்லை.

வடமொழிப் பெயரோ வேறு வழியில் போகிறது. சிலா என்றால் கல். ஜது என்றால் அரக்கு. எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது பாண்டவர்களைக் கொளுத்துவதற்காகத் துரியோதனன் கட்டுவித்த அரக்கு மாளிகை வருகிறதே, அதற்கு வடமொழியில் ஜதுகிருகம் என்று பெயர். அந்த ஜதுவேதான் சிலாஜதுவிலும் இருக்கிறது. தமிழில் அது சிலாசத்து என்று திரிந்தவுடன், கேட்டவர்கள் காதில் 'கல்லின் சத்து' என்று விழுந்து, பலம் கொடுக்கும் மருந்து என்ற நம்பிக்கைக்குப் பெயரே விளம்பரமாகிவிட்டது. இந்த ஜதுவுக்கும் லத்தீன் மொழியின் 'பிட்டுமென்' என்ற சொல்லுக்கும், மரப்பிசினைக் குறித்த ஒரு தொன்மையான வேர்ச்சொல்லே மூலம் என்று மொழிநூலார் கருதுகிறார்கள். அப்படியானால் பொருளளவில் அன்னியமான இரண்டு வஸ்துக்கள் பெயரளவில் பங்காளிகள்! இன்னொரு சிக்கலும் உண்டு. சித்த வைத்தியத்தில் கோமூத்திர சிலாசத்து என்பது நாம் பேசிவரும் கன்மதம். கற்பூர சிலாசத்து என்பதோ வெண்ணிறமான ஜிப்சம். சிலாசத்து என்று மட்டும் எழுதப்பட்ட சீட்டைக் கொண்டுபோகிறவன் கறுப்பை வாங்கி வருவதா, வெள்ளையை வாங்கி வருவதா என்பதை, எழுதிய வைத்தியரின் பரம்பரையை வைத்தே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இனி அசல் நிலக்கீலுக்கு வருவோம். பூமிக்குள் புதைந்த எண்ணெய், பாறைப் பிளவுகளின் வழியாக மேலே ஏறிவரும்போது, அதன் இலேசான பகுதிகள் ஆவியாகிப் போகின்றன. நுண்ணுயிர்கள் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. மிச்சம் காற்றோடு கலந்து கனத்து, இறுகி, கறுத்துப்போகிறது. சுத்திகரிப்பு ஆலை சில மணி நேரத்தில் செய்கிற வேலையைப் பூமி லட்சக்கணக்கான ஆண்டுகளில் செய்கிறது என்று சொல்லலாம். சிந்து வெளியில் மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தைக் கட்டியவர்கள், செங்கல் சுவரின் பின்னால் ஓர் அங்குல கனத்துக்கு இத்தகைய இயற்கை நிலக்கீலைப் பூசித் தண்ணீர் கசியாமல் செய்திருந்ததை 1925-26-ஆம் ஆண்டு அகழ்வாராய்ச்சியில் கண்டார்கள். சாக்கடலில் நிலக்கீல் கட்டிகள் தாமாகவே மிதந்து வந்தமையால் கிரேக்கர்கள் அதற்கு நிலக்கீல் ஏரி என்றே பெயரிட்டார்கள். பாரசீகத்தில் மூம் என்றால் மெழுகு. அதிலிருந்து பிறந்த மூமியா என்ற சொல் நிலக்கீலைக் குறித்து, பின்பு அதைப் பூசிப் பதப்படுத்தியதாக எண்ணப்பட்ட எகிப்தியப் பிணங்களையே குறிக்கலாயிற்று. இன்று குழந்தைகள் சினிமாவில் பார்த்துப் பயப்படுகிற 'மம்மி'யின் பிறப்பு இதுதான். டிரினிடாட் தீவில், நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் சந்ததியார் இன்றும் வாழும் அந்த மண்ணில், சுமார் 100 ஏக்கர் பரப்புள்ள நிலக்கீல் ஏரியொன்று இருக்கிறது. 1595-ல் வால்டர் ராலே அதிலிருந்து எடுத்துத் தம் கப்பல்களின் இடுக்குகளை அடைத்தார். அதன் மேல் மனிதர் நடக்கலாம். வெட்டியெடுத்த குழி நாளடைவில் தானாகவே தூர்ந்துவிடும்.

இப்படிப்பட்ட வஸ்துவுக்குக் கனிமவியலார் பெயரிட முயன்றபோது ஒரு சங்கடம் எதிர்ப்பட்டது. கனிமம் என்று சொல்வதற்குப் பொதுவாக இரண்டு தகுதிகள் வேண்டும்: வரையறுத்த ரசாயனச் சேர்க்கை ஒன்று, அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிக அமைப்பு மற்றொன்று. உப்புக்கு இரண்டும் உண்டு. நிலக்கீலுக்கோ இரண்டுமே இல்லை. ஆயிரக்கணக்கான கரிமச் சேர்மங்கள் ஊருக்கு ஊர் வேறுபட்ட விகிதத்தில் கலந்த குழம்பு அது. ஆகவே அதைக் கனிமப் போலி என்று ஒதுக்கிவைக்கிறார்கள். உள்ளடக்கத்தை வைத்துப் பெயரிட வழியில்லாதபோது எஞ்சியிருப்பவை, கிடைத்த இடத்தின் பெயரும் கண்டவனின் பெயரும்தானே?

அமெரிக்காவில் யூட்டா பிரதேசத்தில், செங்குத்தான பிளவுகளில் பளபளக்கும் கருங்கட்டியாகக் கிடைத்த ஒன்றை, 1885-ல் வில்லியம் பிளேக் என்ற கனிமவியலார் அங்குள்ள யூயின்டா மலையின் பெயரால் யூயின்டைட் என்று அழைத்தார். ஆனால் அதை விற்றுப் பணம் பண்ண முனைந்தவர் சாமுவேல் கில்சன். வார்னிஷுக்கும் மைக்கும் அது உகந்தது என்று கண்டுகொண்டவர்கள் நெருக்கியதால், 1888-ல் அமெரிக்கக் காங்கிரஸ் யூட் பழங்குடியினரின் ஒதுக்கு நிலத்திலிருந்து சுமார் 7,000 ஏக்கரைப் பிய்த்தெடுத்தது. விஞ்ஞானி வைத்த பெயர் புத்தகத்தோடு நின்றது. வியாபாரியின் பெயரால் வந்த கில்சனைட் என்பதே உலகெங்கும் பரவி, இன்று ஒரு கம்பெனியின் பதிவு பெற்ற வணிகச் சின்னமாகவும் இருக்கிறது. அதே பிளேக், வேறொரு வகைக்கு ஹென்றி வுர்ட்ஸ் என்ற ரசாயன அறிஞரின் பெயரால் வுர்ட்ஸிலைட் என்று நாமகரணம் செய்தார். அந்த வுர்ட்ஸோ அதற்கு முன்பே மேற்கு வர்ஜீனியாவில் கிடைத்த ஒன்றுக்குக் கிரஹாம் சகோதரர்களின் பெயரால் கிரஹாமைட் என்று பெயர் சூட்டியவர். கல்யாண வீட்டில் மொய் எழுதுவதுபோல இவர்கள் பெயர்களை ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள்.

பெயர் சொத்தைப் பறித்த கதையும் உண்டு. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில், விக்டோரியா மகாராணியின் கணவர் பெயரால் 1845-ல் உண்டான ஆல்பர்ட் மாவட்டத்தில், கருநிறமான பளபளப்புள்ள ஒரு பொருள் நரம்பாக ஓடியது. ஆபிரகாம் கெஸ்னர் என்ற வைத்தியர், 1846-லேயே பூமியிலிருந்து கிடைத்த இத்தகைய பொருளை வடித்து விளக்கெரிக்கும் எண்ணெய் எடுத்துப் பொதுமக்கள் முன்னால் எரித்துக் காட்டியவர், இது நிலக்கீல் என்று வாதித்து வெட்டியெடுக்க முனைந்தார். நிலக்கரி எடுக்கும் உரிமையை அரசாங்கத்தினிடம் பெற்றிருந்த எதிராளியோ, இது நிலக்கரியே, ஆகவே தன்னுடையது என்றார். 1852-ல் வழக்கு நடந்தது. இரு தரப்பிலும் பண்டிதர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். ஜூரிகள் அது நிலக்கரி என்று தீர்மானிக்கவே, கெஸ்னர் தோற்றுப்போனார். மறு ஆண்டு ஸ்காட்லாந்திலும் டார்பன்ஹில் என்ற இடத்துக் கனிப்பொருளைப் பற்றி இதே மாதிரி ஒரு வழக்கு எழுந்து, அங்கும் ஜூரிகள் நிலக்கரி என்றே சொன்னார்கள். பிற்காலத்து அறிஞர்கள், அந்த மாவட்டத்தின் பெயரால் ஆல்பர்டைட் எனப்பட்ட அப்பொருள் நிலக்கரியன்று, எண்ணெய்க் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்று கெஸ்னரின் பக்கம் சாய்ந்தார்கள். அதனால் அவருக்கு ஒரு காசும் திரும்பவில்லை. ஆயினும், மெழுகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் தம் எண்ணெய்க்கு இட்ட கெரசின் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்தக் கெரசின்தான் நம்மவர் வாயில் கிருஷ்ணாயில் ஆயிற்று. சீமையிலிருந்து வந்ததால் சீமெண்ணெய் ஆயிற்று. பூமியிலிருந்து வருவதை அறிந்தபின் மண்ணெண்ணெய் ஆயிற்று. என் காலைத் துடைத்த ஆயாவின் கந்தையில் இருந்தது கெஸ்னரின் எண்ணெய்.

ஆளின் பெயரைப் பொருளுக்கு வைக்கும் வழக்கம் நம் வாசல்வரை வந்ததற்கு ஓர் உதாரணம் அந்தச் சாலையிலேயே கிடந்தது. தாரோடு கலக்கக் கொட்டியிருந்த கருநீல ஜல்லியில் ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்தால், பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் காணும் கல்லின் இனமாகவே தெரிகிறது. இந்தக் கல்லுக்குப் புவியியலார் இட்ட பெயர் சார்னோக்கைட். கல்கத்தா நகரை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் சமாதிக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது என்று கண்டு, 1893-ல் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரைச் சூட்டினார். நம் ஊர்ப் பாறை உலகத்துப் பாடப்புத்தகங்களில் ஒரு வெள்ளைக்காரரின் கல்லறைப் பெயரோடு உலவுகிறது! எங்களுக்கு இதில் குறைசொல்ல யோக்கியதை இல்லைதான். உத்திரமேரூரின் பெரிய ஏரிக்கு வைரமேக தடாகம் என்று பல்லவ மன்னனின் பட்டப்பெயரைச் சூட்டியவர்கள் எங்கள் முன்னோர்களே.

ஆனால் அதே முன்னோர்கள், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளில், ஏரி வாரியத்தோடு பொன் வாரியம் என்று தனியாக ஒன்றையும் வகுத்திருக்கிறார்கள். பொன் என்று ஒருவன் சொன்னதால் பொன்னாகிவிடாது. உரைத்துப் பார்த்தாக வேண்டும். நிலக்கீல் விஷயத்திலும் அறிஞர்கள் கடைசியில் வந்து சேர்ந்தது இந்த உரைகல்லுக்கே. 1918-ல் ஹெர்பர்ட் ஆபிரகாம் எழுதிய பெருநூல், இவ்வகைப் பொருள்களைச் சூடாக்கினால் உருகுமா, கார்பன் டைசல்பைடில் கரையுமா, தண்ணீரைவிட எவ்வளவு கனம் என்ற கேள்விகளால் வகைப்படுத்தியது. கில்சனைட்டின் ஒப்படர்த்தி 1.03 முதல் 1.10 வரை, கிரஹாமைட்டின் ஒப்படர்த்தி 1.15 முதல் 1.20 வரை, இரண்டும் உருகும், கரையும். ஆல்பர்டைட்டும் வுர்ட்ஸிலைட்டும் உருகவும் மாட்டா, ஏறக்குறைய கரையவும் மாட்டா. பெயர்கள் பழையபடியே இருந்தன; அவற்றின் எல்லைகளைப் பரீட்சைகள் வகுத்தன.

சாலைப் பீப்பாயின் மேலிருந்த 'வி.ஜி.30' என்ற குறியை நான் இப்போது மதிப்போடு பார்க்கிறேன். முன்பெல்லாம் 80/100 என்று எழுதுவார்கள்: 25 டிகிரி சூட்டில், 100 கிராம் பாரமேற்றிய ஓர் ஊசி ஐந்து விநாடியில் தாருக்குள் இறங்கும் ஆழம், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காகக் கணக்கிட்டால், 80-க்கும் 100-க்கும் நடுவே இருக்கும் என்பது அதன் பொருள். 2006-ல் இந்தியத் தர நிர்ணயம் மாறி, ஊசிக்குப் பதிலாக, 60 டிகிரியில் தார் எவ்வளவு தயங்கி ஒழுகுகிறது என்பதை அளவாகக் கொண்டது. கோடையில் சாலையின் மேல்பரப்பு எட்டும் சூடு ஏறக்குறைய அதுவே. வி.ஜி. என்பது அந்தத் தயக்கத்தின் தரக்குறி. ஏழு வயதில் என் கால் புதைந்த தாருக்கும் ஏதோ ஓர் எண் இருந்திருக்கும். இந்தக் குறியில் கண்டவன் பெயரும் இல்லை, கிடைத்த ஊர் பெயரும் இல்லை. அந்தப் பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்பது மட்டும் இருக்கிறது. சொல் அழகில் கன்மதத்துக்கு ஈடாகாது. நேர்மையில் அதற்குப் பக்கத்தில் உட்காரலாம்.

கன்மதம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டப்பாவில் எந்த மொழியில் எந்தப் பெயர் இருந்தாலும், கடுகளவு கிள்ளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நூலாகக் கரைந்து இறங்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கரைந்துவிட்டது என்பதாலேயே உண்ணவும் தொடங்கிவிடாதீர்கள். காய்ச்சித் தீய்ந்த வெல்லப்பாகும் தண்ணீரில் கரையும். பாறையிலிருந்து வருவதில் ஈயம் முதலிய கன உலோகங்கள் இருக்கவும் கூடும், அவற்றைத் தம்ளர் காட்டாது. சோதனைச் சான்றைக் கேட்டு வாங்கி, வைத்தியரிடம் காட்டிய பிறகே உண்ணுங்கள்.